உள்ளவன் கடிதமும் இல்லாதவன் கடிதமும்

மனைவி பின்லாந்துக்குப் படிக்கப் போன நாளிலிருந்து என்னைக் கண்டவர்கள் ஒருவரும் "சுகமா இருக்கிறாவோ?" என்று முதலில் கேட்டதில்லை. "மாசம் எவ்வளவு அனுப்புறா?" என்பதுதான் முதல் கேள்வி. கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறிக்காரர் கேட்டார். சைக்கிள் கடைக்காரர் ரியூப் ஒட்டிக்கொண்டே கேட்டார். கோயிலில் ஐயர் திருநீறு தந்த கையோடு கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர்களிலும் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் அங்கிருந்து இங்கே காசு வரும். கூரை மாறும், மதில் எழும்பும். இங்கிருந்து அங்கே காசு போகிறது என்று சொன்னால் எவன் நம்பப் போகிறான்? "ஏதோ அனுப்புறா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

அவள் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவள். நான் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்பவன். விடிய ஐந்தரைக்கு அவள் பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். அதனால் மகள் பிறந்து நாலு வயது வரைக்கும் குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, தலை பின்னியது எல்லாம் நான்தான். பஸ் புளியங்குளம் தாண்ட முதல் போன் வந்துவிடும்: "சாப்பிட்டவளோ? முட்டை குடுத்தனீங்களோ?" குடுத்தேன் தாயே, நிம்மதியாகப் போய்ச் சேர் என்பேன். ரெட்டைப் பின்னல் போடுவதில் என்னை அடிக்க அந்த முன்பள்ளியில் ஒரு தாயும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

புலமைப்பரிசில் கிடைத்தபோது மகளை என்னோடு விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். "மூண்டு வருசம் பிள்ளையைப் பாக்காம என்னால ஏலாதப்பா" என்றாள். அவள் அழுதால் நான் கரைந்துவிடுவேன் என்பது அவளுக்குக் கலியாணத்துக்கு முன்பே தெரியும். மூன்று பேரும் போகக் கையில் வசதி இல்லை. தாயும் பிள்ளையும் போவதற்கே விசாவுக்கு வங்கியில் காசு காட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குத் தங்கள் காசை உங்கள் கணக்கில் போட்டுவிடுவார்கள். வங்கிக் கடிதம் எடுத்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நெல் வாங்கி விற்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், எனக்கு அப்படி நிறையப் போட்டார். இடம்பெயர்ந்து போய்ப் பல வருசம் கழித்து முல்லைத்தீவில் மீண்டும் காணி திருத்தியவர். "தம்பி, ஒரு மாசம் நீர் பணக்காரன். அனுபவியும்" என்று சிரித்தார்.

அங்கே போன பிறகுதான் புத்தி வந்தது. புலமைப்பரிசில் ஒரு வாய்க்கு அளந்த சோறு. அதை இரண்டு வாய் சாப்பிட வேண்டும். வீட்டு வாடகை, முன்பள்ளி, பிள்ளைக்குக் குளிர் உடுப்பு. பின்லாந்தில் எங்களுக்கு ஒரு மச்சானும் இல்லை, மாமியும் இல்லை. கனடா, லண்டன் என்றால் எந்தக் கதவையாவது தட்டலாம். ஐப்பசியில் அவள் போனில், "பிள்ளைக்குச் சப்பாத்து நனைஞ்சு போச்சு, இன்னொரு சோடி வேணும், பாப்பம்" என்றாள். அந்தப் "பாப்பம்" என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த கிழமையே லாண்ட்மாஸ்டரை நானாவுக்கு விற்றேன். உழவு மெசின் போன பிறகு வயலை வைத்து என்ன செய்வது? அதையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, இன்னொருவரின் பெரிய உழவு இயந்திரத்துக்குச் சம்பளத்துக்குச் சாரதியானேன்.

மனைவிக்கு இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். வீடியோ கோலில் எங்கள் வயல் வரம்பில் நின்று, "பாத்தீரோ நெல்லு, என்ன மாதிரிப் பால் பிடிச்சிருக்கு" என்று குத்தகைக்காரனின் நெல்லைக் காட்டினேன். மகள்தான் என்னைக் கொன்றாள். "அப்பா, லாண்ட்மாஸ்டர் சத்தம் கேக்கவேணும்" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்பாள். ஒவ்வொரு ஞாயிறும் நானா வீட்டுக்குப் போய், அவர் முற்றத்தில் அவருடைய மெசினை ஸ்டார்ட் பண்ணி அவளுக்குக் காட்டிவிட்டு வருவேன். அவரும் எனக்காக அதைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார். "படம் எடுக்கிற சாமான், ஊத்தையாக் கிடக்கலாமோ?" என்பார்.

மாசி மாதம் மனைவி ஒரு நல்ல செய்தி சொன்னாள். பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு படிக்கிற வெளிநாட்டு மாணவருக்கென்று அவளுடைய பல்கலைக்கழகத்தில் ஒரு உதவி நிதி இருக்கிறதாம். அது கிடைத்தால் முன்பள்ளிச் செலவும் பிள்ளையின் சாப்பாடும் படிப்பு முடியும் வரைக்கும் கவலையில்லை. பிள்ளையின் தகப்பனுடைய வசதி பற்றி ஒரு கடிதம் மட்டும் வேண்டும். "இதை நான் பாக்கிறன், நீர் படியும்" என்றேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் கிராம அலுவலர் ஒரு அக்கா. அவாவின் கந்தோரில் இரண்டு விதமான கடிதம் எழுதப்படும். நிவாரணத்துக்குப் போனால் இல்லாதவன் கடிதம்; வெளிநாட்டு அலுவலுக்குப் போனால் உள்ளவன் கடிதம். அது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம்.

"என்னத்துக்குத் தம்பி?"

"வெளிநாட்டுக்கு அக்கா."

"அப்ப வடிவாப் போட்டு விடுவம்" என்று அவா பேனையைத் திறந்தா. வயல் இரண்டு ஏக்கர், கல்வீடு, தென்னை இருபது. "லாண்ட்மாஸ்டர் இருக்குத்தானே?" என்று கேட்டபோது, ஓம் என்று தலையாட்டினேன். "மாடு?" இல்லை என்றேன். "முத்தத்தில ரெண்டு நிண்டதைக் கண்டனான்?" அது பக்கத்து வீட்டு மாடு. "உங்கட முத்தத்தில நிண்டது எண்டு போடுவம்" என்று அதையும் போட்டா. நான் அதை ரவுணில் ஆங்கிலத்துக்கு மாற்றுவித்து, மனைவிக்கு ஏன் சிரமம் என்று நேரே அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. தகப்பனுக்கு வயல், வாகனம், கால்நடை எல்லாம் இருப்பதால் உதவி தருவதற்கில்லை. விபரத்தில் பிழை இருந்தால் இரண்டு கிழமைக்குள் திரும்ப விண்ணப்பிக்கலாம். அட கடவுளே! இல்லாதவருக்குக் கொடுக்கிற காசுக்கு, நான் உள்ளவன் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

மனைவிக்கு அது பிழையாகவே படவில்லை. "அவை சொல்லுறதும் சரிதானேப்பா, எங்களட்ட இருக்குத்தானே" என்றாள். பிறகு, "சித்திரையில பிள்ளையைக் கொண்டுவந்து உங்களட்ட விட்டிட்டு நான் திரும்பிப் போறன். இஞ்ச இனிச் சமாளிக்க ஏலாது. நீங்கள் வடிவாப் பாப்பீங்கள்" என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிள்ளை வரப் போகிறாள்! அந்த நிமிசமே அவளுக்கு எந்த மூலையில் கட்டில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மனைவி போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, வீடியோ கோலை நிற்பாட்ட மறந்து, மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். பின்னி முடித்தாள். பிறகு முழுவதையும் அவிழ்த்துத் திரும்பவும் பின்னினாள். திரும்பவும் அவிழ்த்தாள். "அம்மா, முடிஞ்சுதே?" என்று மகள் சிணுங்கினாள். "இன்னும் இல்லைக் குஞ்சு, கொஞ்சம் இரும்" என்றாள். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. மனசுக்குள் கட்டில் போட்ட மூலையை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

விடிந்ததும் கந்தோருக்குப் போய், "அக்கா, இல்லையெண்டு எழுதித் தாங்கோ" என்றேன்.

"நிவாரணத்துக்கோ?"

"இல்லை. வெளிநாட்டுக்கு."

அவா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெசினை விற்றது, வயல் குத்தகையில் இருப்பது, நான் கூலிக்கு ஓடுவது. "அட பாவி, என்னட்டயும் ஏன் மறைச்சனீர்?" என்று ஏசினா. ஏசிக்கொண்டே உண்மையை உண்மையாக எழுதி சீல் குத்தித் தந்தா. பக்கத்து வீட்டு மாடு பக்கத்து வீட்டுக்கே போனது.

அதோடு தகப்பன் தன் கையால் எழுதிய கடிதமும் வேண்டும் என்று புதிய படிவத்தில் இருந்தது. பிள்ளை தகப்பனோடு வளர முடியாதா, முடியாது என்றால் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். விற்றதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். சிக்கல் இந்தக் கேள்வியில்தான். வளர்க்க முடியும் என்று எழுதினால், அப்படியென்றால் அனுப்பிவிடுங்கள் என்பார்கள். மூன்று கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டு எழுதினேன்: "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. என்னை நம்பிப் பிள்ளையை விட முடியாது."

இந்த முறை மனைவி விடவில்லை. எல்லாவற்றையும் தனக்கு அனுப்பச் சொன்னாள், தானே ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன் என்றாள். அனுப்பிவிட்டு, போனைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒளித்துத் திரிந்தேன். பின்னேரம் அடித்தது.

"நீங்கள் காட்டின நெல்லு ஆரின்ர நெல்லு?"

"குத்தகைக்காரற்ர."

"லாண்ட்மாஸ்டர்?"

"நானாட்ட நிக்குது. நல்லாத்தான் வச்சிருக்கிறார்."

"போன ஞாயிறு பின்னால ஒரு ஆடு நிண்டது?"

"அதுவும் நானாவின்ர."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு போகப் போக அழுகையாகிவிட்டது. "என்னோட நீங்கள் கதைக்க வேண்டாம்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. "நீங்கள் வெறுங்கையோட நிக்க, நான் இஞ்ச என்னத்தைப் படிக்கிறது? வெளிக்கிட்டு வாறன்." நான் சத்தம் போட்டேன். "நீர் வந்தா நான் வித்ததெல்லாம் வீணப்பா! இருந்து படியும்!" எங்கள் கலியாண வாழ்க்கையில் நான் அவளை வென்ற ஒரே சண்டை அது.

பிறகு மெல்லக் கேட்டாள்: "கடைசி வரியை எப்பிடி எழுதினீங்கள்?"

"பேனையாலதான்."

"பகிடி விடாதேங்கோ. அது பொய்."

"பொய்யெண்டாலும் அப்பிடியே இங்கிலீசில மாத்தி எழுதும். இல்லாட்டிக் காசு தரமாட்டினம்."

"பிள்ளை எழும்பியிட்டாள்" என்று போய்விட்டாள்.

சித்திரையில் சிறுபோக உழவு. பளைக்காரர் ஒருவரின் வயலை நான் உழுதுகொண்டிருந்தபோது போன் அடித்தது. இயந்திரத்தை நிற்பாட்டி எடுத்தேன். "தந்திட்டினமப்பா! படிப்பு முடியிற வரைக்கும்!" என்று கத்தினாள். பின்னால் மகளும் என்ன ஏதென்று தெரியாமல் கத்தினாள். நான் பெரிதாகச் சிரித்தேன். இன்னும் இரண்டரை வருசத்துக்குப் பிள்ளை வரமாட்டாள் என்பது சிரித்து முடித்த பிறகுதான் நெஞ்சில் ஏறியது.

"அந்தக் கடைசி வரிதான் காசு வாங்கித் தந்தது, பாத்தீரோ?" என்றேன்.

"அந்த வரியை நான் இங்கிலீசில மாத்தேல்லை."

"என்ன?"

"உங்கட கடிதத்தில அதை எழுதாம விட்டிட்டன். என்ர பேரில வேற ஒண்டு எழுதிச் சேர்த்தனான்." அவள் அதைத் தமிழில் சொன்னாள். "இந்தப் பிள்ளையை நாலு வருசம் வளத்தது தகப்பன்தான். என்னைவிட வடிவா வளப்பார். பிள்ளையை விட்டிட்டு இருக்க ஏலாத ஆள் நான்தான். அதுக்காகத்தான் உதவி கேக்கிறன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். "உமக்கென்ன விசரே? தராம விட்டிருந்தா?"

"விட்டிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பம். உங்களை நம்பிப் பிள்ளையை விட ஏலாதெண்டு என்ர கையால எழுதி, அந்தக் காசில என்னெண்டப்பா நான் அவளுக்குச் சோறு தீத்துறது?"

"சரி, வையும். வேலை கிடக்குது" என்றேன். உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வயலின் அந்தத் தலைப்புக்குப் போனேன். "தம்பி, அந்தத் துண்டு உழுதாச்சு!" என்று வரம்பில் நின்ற காணிக்காரர் கத்தினார். நன்றாகவே கேட்டது. ஆனாலும் அதையே இன்னொரு முறை உழுதேன். திரும்பினால் அவர் என் முகத்தைப் பார்த்துவிடுவார்.