கோழிக்குப் பப்பாளி, பிள்ளைக்கு டின் பால்

எழுபதுகளில் ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. பின்னால் ஆற்றோரம் வரை வெறும் நிலம் கிடந்தது. யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மண்வெட்டியோடு போய் நின்றேன், கொல்லை என்னுடையதாகிவிட்டது.

மத்தியானம் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் பொழுது சாயும்வரை அங்கேதான் கிடப்பேன். கத்திரி, வெண்டை, பயத்தங்காய், முளைக்கீரை, வேலியோரம் முருங்கை, கோழிக்கூண்டின் மேல் பரங்கிக்கொடி. பப்பாளி மட்டும் ஐந்து மரம். லயத்துப் பெண்கள் ஒரு பிடி மிளகாய்க்கு என் வேலிக்குத்தான் வந்தாக வேண்டும். எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இவ்வளவும் எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன். காயும் கீரையும் சனிக்கிழமை வேனில் வந்து வாங்கிப்போகும் சீன முதலாளி தவ்கேயிடம் விலைக்குப் போயின. முட்டை தோட்டத்துக் கடைக்குப் போய் டின் பாலாகத் திரும்பி வந்தது. கெட்டியாக, தித்திப்பாக, டின்னில் கொழுகொழு குழந்தைப் படத்தோடு. அது என் மகளுக்கு. அவளுக்கு மூன்று வயது. விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும்போது, அவளையும் ஒரு போத்தல் டின் பாலையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போத்தலைக் கண்டால் சிரிப்பாள்.

“பிள்ளைக்கு டவுன் சாப்பாடுல்ல குடுக்குறா” என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கீரை கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு போகும், பப்பாளி சூடு, பரங்கி வாயு. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பழுத்து விழும் பப்பாளியை நறுக்கிக் கோழிகளுக்குப் போடுவேன். கோழிகள் பளபளவென்று இருந்தன.

ஒரு மழைக்காலத்தில் மகள் சாயங்காலமானால் வாசலை விட்டு நகர மறுத்தாள். கூப்பிட்டால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். தண்ணீர் வாளியில் இடித்துக்கொண்டு அதைக் கவிழ்த்தாள். மறுநாளும் கவிழ்த்தாள். சோம்பேறித்தனம், கொழுப்பு என்று முதுகில் இரண்டு வைத்தேன். அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்னவென்று சொல்லத் தெரியும்?

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். அந்தி மசங்கும் நேரத்தில் அவளிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அவள் கை பிஸ்கட்டை விட்டுவிட்டு அவர் சட்டையைத் தடவியது.

“ஏ புள்ள, இங்க வா. இவளுக்குக் கண்ணு தெரியலடி” என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் டவுன் கிளினிக்குக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்போம், மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள்.

“மாலைக்கண்ணு, அக்கா. பிள்ள என்னா சாப்புடுது?”

“டின் பால்தான் மிஸ்ஸி. ஒரு நாளும் கொறை வச்சதில்ல.”

“வீட்டுப் பக்கம் ஏதாச்சும் நட்டு வச்சிருக்கீங்களா?”

கேட்கவா வேண்டும்? கத்திரியில் தொடங்கினேன். முருங்கை, முளைக்கீரை, பரங்கி, ஐந்து பப்பாளி, கோழி, முட்டை என்று பெருமையோடு அடுக்கிக்கொண்டே போனேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“இதுல பிள்ளைக்கு எதக் குடுத்தீங்க?”

மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“டின் பால்ல சீனிதான்க்கா இருக்கு, கண்ணுக்கு வேண்டிய சத்து இல்ல. பப்பாளிய யாரு சாப்புடுறா?”

“கோழி” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பகல்லயும் தெரியாமப் போயிருக்கும்” என்று சொல்லி, மகள் வாயில் ஒரு எண்ணெய் மாத்திரையை நறுக்கிப் பிழிந்தாள். கீரை, முட்டை, பழம் தினமும் கொடுக்கச் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அந்த மிஸ்ஸிமேல்தான் கோபம். வேறு யார்மேல் படுவது?

அந்தச் சனிக்கிழமை தவ்கே வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. நான் முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றி வதக்கிக்கொண்டிருந்தேன். மகள் துப்பினாள். மறுபடி ஊட்டினேன். போத்தல் கேட்டுப் புரண்டு புரண்டு அழுதாள். பப்பாளி மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பார்வை திரும்பியதா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வேன்? அந்தி வந்தாலே ஓடிப்போய் விளக்கேற்றிவிடுவேன். ஒரு நாள் விளக்கேற்றவும் கை எழவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. அவள் முதுகில் நான் அடித்த அடி நினைவுக்கு வந்து, கண்ணீர் நிற்காமல் வழிந்தது. லயத்து வீட்டுக்கு நடுவில் பலகைச் சுவர்தான். அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் அழ எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூச்சுச் சத்தம்கூட வெளியே வரவில்லை.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்த மகள் என் முகத்தையே பார்த்தாள்.

“ஏம்மா அழுவுற?” என்றாள்.