கணையத்தோட வீங்குன வெக்கம்

எனக்குக் காய்ச்சுன பால்ல ஆடையை வழிச்சு எடுத்துக்கிட்டே சொல்லுதேன்: ஆஸ்பத்திரியில சீக்காளியாப் படுத்துக் கிடக்கிறதும் ஒரு வேலைதான், சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. கணையம் வீங்கி, பச்சைத்தண்ணி குடிக்காம ட்ரிப்ஸோட கிடந்தவிய இதைப் படிச்சா, நம்ம கதைதான்னு தலையாட்டுவீங்க.

முதல் கேள்வி

கைப்பிள்ளையை அத்தைகிட்ட விட்டுட்டு, கோவில்பட்டியில ஆட்டோ ஏறுனேன். வலி வயித்துல பிடிச்சு முதுகு வரைக்கும் துளைச்சுது. அங்கன ஆஸ்பத்திரியில பாத்துட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாவ. ரத்தம் எடுத்துட்டுக் கணையத்துல வீக்கம்னாவ. இந்த நோய்க்கு எல்லார்கிட்டயும் கேக்கிறதுதானாம், சிஸ்டர் வார்டுக்கே கேக்கிற மாதிரி, “குடிப்பீங்களாம்மா?”ன்னு கேட்டாவ. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டேன். பக்கத்துக் கட்டில்ல கிடந்த எட்டயபுரத்து அக்கா எந்திரிச்சு உக்காந்தாவ.

“நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லுவா சிஸ்டர், தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க.”

கல்லு

ஸ்கேன்ல பித்தப்பையில கல்லுன்னு தெரிஞ்சுது. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதுதானாம். அது நழுவி வழியை அடைச்சதுல, தீனியைக் கரைக்கிற சாறு கணையத்தையே கரைக்க ஆரம்பிச்சிட்டாம். உயிருக்குப் பயமா இருந்தாலும், குடி இல்லைன்னு ஆச்சேன்னு ஒரு நிம்மதி. எங்க சபையில இருந்து பாக்க வந்தவியகிட்ட, கேக்கிறதுக்கு முந்தியே “கல்லு, கல்லு”ன்னு சொன்னேன். ஜெபம் பண்ணிட்டுப் போகும்போது ஒரு அக்கா என் காதுல சொன்னாவ:

“எல்லார்ட்டயும் கல்லுன்னே சொல்லு தாயி, ஆண்டவருக்கு மட்டும் உண்மை தெரிஞ்சாப் போதும்.”

புது மருந்து

பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தாரு. கணையம் வீங்கும்போது உள்ள இரும்புல துரு ஏறுற மாதிரி ஒரு சேதாரம் பரவுமாம். அதைத் தடுக்குமான்னு வைட்டமின் சேர்ந்த ஒரு மருந்தை ஆராய்ச்சிக்குக் குடுத்துப் பாக்காங்களாம். கேக்குமான்னு அவங்களுக்கே தெரியாதாம், சேர்றது நம்ம இஷ்டமாம். எங்க வீட்டுக்காரவிய காதுல புது மருந்துங்கிறது மட்டுந்தான் விழுந்துச்சு. அது கிடைக்கலன்னா நான் செத்துருவேன்னு நினைச்சிட்டாவ.

“பால் குடுக்கிறவங்களைச் சேர்க்க மாட்டோம். குடுக்கிறீங்களா?”ன்னாரு டாக்டர். அந்த வார்த்தைக்கே நான் தலையைக் குனிஞ்சிட்டேன். “நிறுத்தியாச்சு சார்”னு அவிய முந்திக்கிட்டாவ. அந்த நேரம் பாத்து எங்கனயோ ஒரு பிள்ளை வீல்னு அழுதுச்சு. என் முந்தானை மொத்தமும் நனைஞ்சு போச்சு. துண்டைத் தேடுதேன், கையில ஊசி. டாக்டர் சன்னலைப் பாத்தாரு. எட்டயபுரத்து அக்காவா சும்மா இருப்பாவ?

“அவளை ஒண்ணும் கேக்க வேண்டாம் சார், எழுதிக்கிடுங்க.”

கேட்ட கேள்வி

ஆராய்ச்சியில என்னைச் சேர்க்கல. அந்த மருந்து இல்லாமலே, ட்ரிப்ஸுலயே வீக்கம் வத்திட்டு. கல்லுக்கு ஆப்பரேசனும் முடிஞ்சுது. அதுவரைக்கும் பாத்ரூம்ல பாலைப் பீச்சி ஊத்துவேன், வத்திறக்கூடாதேன்னு. ட்ரிப்ஸ் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு கூட நின்னது அதே அக்காதான். வீட்டுக்குக் கிளம்பும்போது, அந்த மருந்து போட்டவங்கல்லாம் எப்படி இருக்காவன்னு எங்க வீட்டுக்காரவிய டாக்டர்கிட்ட விடாமக் கேட்டாவ.

“பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி, யாருக்கு எதுன்னு எனக்கே இன்னும் சொல்லல அண்ணாச்சி.”

வீட்டுக்கு வந்து நெஞ்சோட அணைச்சா, பாட்டில் பழகுன பிள்ளை முகத்தைத் திருப்பிக்கிட்டான். வார்டே பாத்தப்போகூட எனக்கு அப்படிக் கூசல. இன்னும் தினமும் அணைச்சுப் பாக்கேன், அவன் திமிருதான். மொத்தத்துல, சாராயத்தைக் கண்ணால பாக்காதவ குடிகாரின்னு பேரெடுத்து, சுரந்த பாலைச் சாக்கடையில ஊத்திட்டு, கடைசியில

“ஏட்டி, பாட்டிலைத் தட்டிவிட்டுட்டான், உன்னையத்தான் தேடுதான், வா!”

இந்தா வாரேன் அத்தை, அவன் வாயில வேற எதையும் வச்சிராதிய, நான்