மேலே பார்க்காதவன்

ட்ரோன் வாங்கியது நான். அதை வானத்தில் ஓட்டுவதும் நான். ஆனால் எட்டு வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிவது கலாவதியால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஞானசுந்தரம் ஸ்டூடியோ என்றால் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லார் கையிலும் கேமரா போன் வந்த பிறகு கடை படுத்துவிட்டது. 2017இல் துணிந்து ட்ரோன் வாங்கினேன். எஸ்டேட்காரர்கள், ரிசார்ட்காரர்கள் கூப்பிட்டார்கள். மேலிருந்து படம் எடுத்து பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். அதோடு சரி. ஒரு படத்தையாவது பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து ஹாலில் மாட்டுங்கள் என்றால், "பாக்கலாங்க" என்பார்கள். அந்தப் 'பாக்கலாங்க'வைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கோபக்காரனிடம் யார் படம் வாங்குவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் கலாவதி வந்தாள். நாகலூர் எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்தவள். பத்தாவது வரை படித்துவிட்டு இருபது வருடம் காப்பிப் பழம் பறித்தவள். முதுகு வலி என்று அந்த வேலையை விட்டிருந்தாள். கடையைக் கூட்டிப் பெருக்கத்தான் சேர்த்தேன். ஒரு நாள், "ஏனுங்க சார், அந்தப் படங்கள நான் கொண்டு போயிக் காட்டட்டுங்களா?" என்று கேட்டாள். போய்த் தொலை என்கிற மாதிரிதான் தலையாட்டினேன்.

அவள் வியாபாரம் செய்கிற விதத்தை ஒரு தடவை அவளோடு போய்ப் பார்த்தேன். சின்னப் படத்தை மேசையில் வைத்தாள். வாயே திறக்கவில்லை. எதிரே இருந்த எஸ்டேட் முதலாளி கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு அவர் விரல் தானாகப் படத்தின் மேல் போய் ஒரு மூலையில் நின்றது. பங்களா இல்லை, புது நீச்சல் குளம் இல்லை, ஒரு சில்வர் ஓக் மரம். "இது எங்கப்பா நட்டது" என்றார். மறுநாள் கலாவதி என்னிடம் வந்து, "அந்த மரம் நடுவுல வர்ற மாதிரி பெருசு பண்ணிக் குடுங்க சார்" என்றாள். நாலடிப் படம். மனிதர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல வெரலு எங்க போவுதோ, அவங்க மனசு அங்கதானுங்க இருக்குது" என்பாள். விரல் போவதற்கு முன்னால் நாம் ஒரு வார்த்தை பேசினாலும் காரியம் கெட்டுவிடும் என்பது அவள் கட்சி. நான் பேசிப் பேசியே கெடுத்தவன் என்பதைச் சொல்லாமல் சொல்வாள்.

புதுப் படங்கள் பிரிண்ட் ஆகி வந்ததும் யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்வாள். ஜன்னலோரம் நின்று பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தை மூலை மூலையாகப் பார்ப்பாள். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து, வேலையில் அக்கறையான பொம்பளை என்று மெச்சிக்கொண்டேன். என் மரமண்டைக்கு விஷயம் புரிய மூன்று வருடம் ஆனது.

2020 ஜனவரியில் நாகலூர் எஸ்டேட் முதலாளி சிங்கராயர் என்னைக் குடகுக்கு அழைத்துப் போனார். அவருக்கு அங்கேயும் ஒரு எஸ்டேட் உண்டு. காப்பி காயப்போட்ட களத்துக்கு மேலே ட்ரோனை விட்டேன். தேன்கூட்டைக் கலைத்தது போல அது போடும் சத்தத்துக்கு, கீழே வேலை செய்கிறவர்கள் கையிலிருப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கே எடுத்தாலும் இதே கதைதான்.

ஊர் திரும்பி, படம் பிரிண்ட் ஆகி வந்த அன்று கலாவதி ஜன்னலோரம் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டே போனால் அவள் விரல் படத்தின் மேல் இருந்தது. களத்தில் பதினோரு பேர். பத்துப் பேர் மேலே பார்க்கிறார்கள். ஒருவன் மட்டும் குனிந்து காப்பியைக் கிளறிக்கொண்டிருக்கிறான்.

"இது எந்தம்பிங்க சார்" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

தம்பி மாதப்பன். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனதும் கலாவதிதான் வளர்த்தாள். அவனுக்கு ஒரு வழி பண்ணாமல் தனக்கொரு வாழ்க்கை வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அவனுக்கு இருபத்துமூன்று வயதானபோது குப்பனூரில் பெண் பார்த்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள். காது கேட்காது என்பதைப் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. அவன் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து, யாராவது பேசினால் அவன் தொடையில் தட்டுவது, ஒரு தட்டுக்குச் சிரிப்பது, இரண்டு தட்டுக்குத் தலையாட்டுவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக் கூட்டிப் போயிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. கிளம்பும்போது பெண்ணின் மாமா பின்னாலிருந்து "மாப்ளே" என்று கூப்பிட்டார். அவன் நடந்துகொண்டே இருந்தான். மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு அந்த வீடே சிரித்தது.

மாதப்பன் அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போனவன்தான். அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது. போன் பண்ணவும் முடியாதவன்.

"உள்ளதச் சொல்லியிருந்தா கட்டறவ கட்டியிருப்பா. நாந்தானுங்க அவன ஊரு சிரிக்க வெச்சேன்" என்றாள். அதனால்தான் படம் விற்க வந்தாளாம். மேலே பார்க்காத ஒரு தலை என்றைக்காவது ஏதாவது ஒரு படத்தில் கிடைக்கும் என்று.

அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கச் சொன்னாள். செய்தேன். இன்னும் என்றாள். இன்னும் செய்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. மேலிருந்து எடுக்கும் படத்தில் மேலே பார்க்கிறவனுக்குத்தான் முகம் உண்டு. குனிந்தவனுக்குத் தலையில் கட்டிய துண்டும் தோளும்தான். கலாவதி அந்தக் கட்டங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

சிங்கராயரிடம் நம்பர் வாங்கிக் குடகு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அண்ணாதுரையிடம் பேசினோம். மறுநாள் அவர் அந்த ஆளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். மாதப்பன் இல்லை. நாற்பது வயதுக்கு மேலிருக்கும், யாரோ ஒருவர்.

கலாவதி என் கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பறம் ஏனுங்க அவரு மட்டும் மேல பாக்கல?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யாராக இருந்தால் உனக்கென்ன என்று கேட்டேன். அவள் அண்ணாதுரைக்குத் திரும்பவும் போன் போடச் சொன்னாள். அந்த ஆளுக்கு ஊர் எது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அரூர்ப் பக்கம் ஒரு ஊர், அக்கா ஒருத்தி இருக்கிறாள், ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. இவ்வளவையும் அக்காவின் விலாசத்தையும் சொல்லவே அந்த ஆள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாராம்.

அந்த அக்காவுக்கு அனுப்ப அதே களத்துப் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள். எஸ்டேட் விலாசத்தையும் எங்கள் கடை நம்பரையும் ஒரு தாளில் எழுதினாள், "உங்கள் தம்பி இங்கே நலமாக இருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்தாள்.

"ஆளைச் சுத்தி ஒரு வட்டமாவது போட்டு அனுப்பும்மா. பதினோரு பேருல அந்தம்மா யாருன்னு கண்டுபிடிக்கும்?" என்றேன்.

"வேண்டாங்க சார். வெரலு தானாப் போவட்டும்."

பார்சல் போய்ப் பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஒரு வயதான பெண் குரல், மூச்சு வாங்கியது. ஸ்பீக்கரில் போட்டுக் கலாவதியிடம் நீட்டினேன்.

"முத்தாயி பேசறனுங்க, அரூர்ல இருந்து. படம் வந்துச்சுங்க. எல்லாரும் மேல பாக்கறாங்க, ஒருத்தன் மட்டும் பாக்கல. அவன்தானுங்களே? சின்னதுல புளியமரத்துல இருந்து உழுந்ததுல கழுத்து நிமிராதுங்க அவனுக்கு. பிரிச்சதும் கையி அங்கதானுங்க போச்சு."

"அவருதானுங்க அக்கா" என்றாள் கலாவதி.

"நாளைக்கே கெளம்பறோம் சாமி. நீ நொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும். நீ யாரு கண்ணு, அவனுக்கு வேண்டப்பட்டவளா?"

"படம் விக்கறவளுங்க அக்கா" என்றாள் கலாவதி.

போனை வைத்ததும் மஞ்சக்குட்டை ரிசார்ட் படங்கள் வந்திருப்பதாகச் சொன்னேன். கலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள். ஜன்னலோரம் போய் நின்றாள். அன்றைக்கு நானும் அவள் பக்கத்தில் நின்று தேடினேன். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.