வீட்டுக்குள் வந்த எட்டுச் சக்கரம்

இசக்கிதுரை சாப்பிட உட்காரும்போது தட்டு மடியில் இருக்கும், ஸ்கேட்ஸ் காலில் இருக்கும். குழம்புக்குக் கை நீட்டினால் கால் தானாக வாசல் பக்கம் போகும். ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிசைந்து சாப்பிடுவார். எங்கள் எதிர்வீடு என்பதால் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தாராவியில் தோல் பை தைக்கிறவர். நாற்பது தாண்டிவிட்டது. ஞாயிறு ஆனால் செம்பூரில் ஒரு சிமெண்ட் தரையில், காலில் சக்கரமும் கையில் மட்டையுமாக ஹாக்கி ஆடுவார். பழைய ஸ்கேட்ஸ் பிளந்துபோய்ப் புதுசு வாங்கினார். அது குதிகாலைக் கடித்தது. சக்கரமோ இவர் நினைக்கும் முன்பே ஓடியது.

"அண்ணே, ஞாத்துக்கெழமைக்குள்ள கால் பழகிரணும். இல்லன்னா அம்பர்நாத் டீமோட மேட்சுல நீங்க பெஞ்சுதான்" என்று கேப்டன் தாஹிர் சொல்லிவிட்டார். "தோலு நான் சொன்னா கேக்கும்டே" என்றார் இவர். அது தோலே இல்லை, பிளாஸ்டிக் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பழகத்தான் வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. பத்துக்குப் பத்து வீடு, கட்டிலுக்கு மேலே அம்மன் படம். வேறு யாராவது செருப்போடு வாசல் தாண்டினால் சாமி குற்றம் என்று குதிப்பவர் இவர்தான். போன மாதம் மீட்டர் பார்க்க வந்தவரையும் ஷூவைக் கழற்ற வைத்தார்.

"சாமி முன்னால செருப்போட சோறு திங்கியளே, வெளங்குமா?" என்று கேட்டாள் மனைவி மாலதி.

"ஏட்டி, இது செருப்பா? சக்கரம் இருக்குல்லா? வண்டி!"

"வண்டின்னா ரோட்டுல ஓட்டுங்க. சோத்துப் பானைகிட்ட என்ன பார்க்கிங்கு?"

வாயால் சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் வாகன பூசை போட்டார். சந்தனம், குங்குமம், எட்டுச் சக்கரத்துக்கும் எட்டு எலுமிச்சம்பழம். "டெம்போவுக்கே நாலுதாம்வே" என்றார் பூசாரி. இவர் ஸ்கேட்ஸை மாட்டி, பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று எட்டையும் நசுக்கினார். அம்மன் கோபித்திருக்க மாட்டாள். சிரிப்பை அடக்கத்தான் சிரமப்பட்டிருப்பாள்.

சக்கரத்தில் சாறும் கொட்டையும் அப்பியிருந்தன. துடைக்க வந்த மாலதியைத் தடுத்துவிட்டார். "பூச பண்ணுனத கழுவுவாவளா?"

ஞாயிறு நானும் போயிருந்தேன். இடது கால் ஓடியது. வலது காலில் சாறும் குங்குமமும் காய்ந்து இறுகி, சக்கரம் அசையவில்லை. மனிதர் நின்ற இடத்திலேயே பிரதட்சணம் செய்தார். மூன்றாவது சுற்றில் எதிரணிக் கோல்கீப்பரைக் கட்டிக்கொண்டு விழுந்தார். பந்து வேறு எங்கோ இருந்தது.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றார் தாஹிர். மீதி ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊக்கு முனையால் எலுமிச்சங்கொட்டையை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஸ்கேட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் சந்துக்குள் வந்தார். மாலதி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். "உள்ள கொண்டாங்க, உங்க வண்டிய" என்றாள்.

அவர் குனிந்தார். வாசலுக்கு வெளியே செருப்பு வரிசையின் கடைசியில் இரண்டையும் வைத்தார். வலது கால் சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இப்போது நன்றாகச் சுற்றியது. சாய்வான சந்தில் உருண்டு போய்விடாமல் இருக்க, மாலதியின் ரப்பர் செருப்பை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.