சின்னக் கார் கூரையில் இருவர் கயாக்: மணப்பாட்டிலிருந்து தாமிரபரணி வரை

பொங்கல் முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, மணப்பாட்டிலிருந்து பன்னிரண்டு அடி நீளமுள்ள, இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒரு பழைய கயாக் படகை என் சின்னக் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். அன்று மாலையே தாமிரபரணியில் இறக்கினேன். ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறாரா, இல்லையா என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். "நீ என்ன சொல்லுத?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "உங்க இஷ்டம் மச்சான்" என்றேன். வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. சொன்னால், என்னால்தான் வேலையை விட்டார் என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

போன விடுமுறையில் மணப்பாடு போயிருந்தபோது, ஒரு ஜோடி கயாக்கில் துடுப்புப் போட்டுப் போவதை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "இத நம்ம ஆத்துல போட்டா எப்படி இருக்கும்?" என்றார். இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. அங்கே கயாக் வாடகைக்கு விடும் சேவியர் அண்ணன் பழையது ஒன்றை விற்கப்போவதாகச் சொன்னதும் வாங்கிவிட்டேன். என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள், உம்மாவுக்கே சொல்லவில்லை.

லோடு ஆட்டோவுக்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். என் காருக்குக் கூரைக் கம்பி கிடையாது. வாங்கி மாட்டினால் அதற்கு மேல் ஆகும். அதனால் லாரிக்காரர்கள் சரக்கு இறுக்கும் பெல்ட் இரண்டு (700), கூரைக்கும் கயாக்குக்கும் நடுவில் வைக்க மெத்தைக் கடையில் வெட்டி வாங்கிய கெட்டி ஸ்பாஞ்ச் நான்கு துண்டு (240), போக வர 146 கி.மீ.க்குப் பெட்ரோல் ஏறக்குறைய 850. மொத்தம் 1,790 ரூபாயில் வேலை முடிந்தது.

காலை 5.15க்கு மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். கூட வந்தவள் செல்வி. நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். செல்வி அங்கே படிக்க வந்து, லைசென்ஸ் வாங்கிய பிறகும் என்னை விடாதவள். கயாக்கின் முப்பத்து நான்கு கிலோ எடையைத் தனியாகத் தூக்க முடியாது. நீங்களும் ஒரு செல்வியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

6.55க்கு மணப்பாடு. நான்கு கதவையும் திறந்து, பெல்ட்டைக் கயாக்கின் மேலாகவும் காருக்குள் கூரைக்கு அடியிலும் சுற்றி இறுக்க வேண்டும். கயாக்கைக் குப்புறக் கவிழ்த்துக் கட்டுவதுதான் முறை. நான் கவிழ்க்கப் போனேன். சேவியர் அண்ணன் ஓடி வந்து தடுத்துவிட்டார்.

"ஏ தங்கச்சி, எங்க வீட்டுல படகக் கவுத்து வச்சி ஊரு தாண்ட விட மாட்டோம். கவுந்த படகா கொண்டு போவாவ? ஒங்க மாப்பிள்ள கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காருல்லா?"

கடைசியாகச் சொன்னாரே, அது என்னை அசைத்துவிட்டது. நிமிர்த்தியே கட்டினோம். வார்த்தைக்கு வார்த்தை "பைய போங்க" என்று சொல்லி அவரே முன்முனையையும் கயிற்றால் பம்பருக்கு இழுத்துக் கட்டினார். பின்முனையில் சிவப்புத் துணி. 8.20க்குப் புறப்பாடு.

உடன்குடி, சாத்தான்குளம் வரை பனைமரங்களும் வெயிலும்தான். மணிக்கு நாற்பதைத் தாண்டவில்லை. பேய்குளம் நெருங்கும்போது மழை பிடித்தது. தை மாசத்தில் யார் எதிர்பார்த்தது? நிமிர்ந்திருந்த கயாக் தொட்டியாக நிரம்பியதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வேகத்தடையில் பிரேக் போட்டதும் அவ்வளவு தண்ணீரும் முன்னால் பாய்ந்து கண்ணாடியில் கொட்டியது. மேலே கூரை 'டப்' என்று உள்வாங்கியது. பெல்ட் வழியாக ஒழுகி என் மடியும் நனைந்தது.

ஒரு பஞ்சர் கடை ஓரமாக நிறுத்தினோம். கவிழ்த்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எனக்குக் கை வரவில்லை. அல்லாவே, அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. படித்தவள், பத்து வருடம் கார் ஓட்டுகிறவள், மழையில் நின்றுகொண்டு அழுகிறேன்.

செல்விதான் பெல்ட்டை அவிழ்த்தாள். "ஏ, அது கடலுக்குப் போற படகுக்குல்லா? இது ஆத்துக்குப் போவுது. பிடிடீ அந்தப் பக்கம்!" என்றாள். கவிழ்த்தோம், தண்ணீர் கொட்டியது, கட்டினோம். அதன்பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. 11.10க்கு மேலப்பாளையம்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குச் சுத்தமல்லி, 14 கி.மீ. அணைக்கட்டுக்கு மேலே வெகுதூரம் தள்ளி, தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் இறக்கினோம். மதகுப் பக்கம் போகவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். செல்வி முன்சீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். "நான் கரையில இருந்து கையாட்டுதேன்" என்றாள்.

நேராகப் போகவில்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும் வட்டம் அடித்தது. எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"முன்னால பாரம் இல்லம்மா, அதான் மூக்கத் தூக்குது. அங்கன எதையாவது ஏத்தி வையி."

டிக்கியில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு கிடந்தது. ஆற்றுத் தண்ணீரை நிரப்பி முன்சீட்டில் கட்டினோம். கயாக் சொன்னபடி கேட்டது. அரை கிலோமீட்டர் போயிருப்பேன், மேற்கே மலை மழையில் கழுவியதுபோல் தெளிவாகத் தெரிந்தது. இதை அவர் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

4.30க்கு, ஜும்ஆ தொழுகையும் சாப்பாடும் முடித்து அவர் வீடியோ காலில் வந்தார்.

"முன்னால என்ன நீலமா தெரியுது?"

"தண்ணிக் கேன். ஆளு இல்லாம ஓட்ட முடியல மச்சான். நாப்பது கிலோ தண்ணிய உக்கார வச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்திருங்க மச்சான். ஒங்க இஷ்டம் இல்ல, என் இஷ்டம். எனக்கு நீங்க இங்கன வேணும்" என்றேன்.

 அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து முன்சீட்டையே பார்த்தார்.

"நான் எழுவத்து மூணு கிலோ இருக்கேன். மூழ்கிராதுலா?"

"மூழ்காது."

"அப்ப ஞாயித்துக்கிழம வேண்டாம்னு சொல்லிருதேன்."

சொல்லியும்விட்டார். வர இன்னும் மூன்று மாதம்.

இனி உங்களுக்கு. கயாக்கைக் கவிழ்த்தே கட்டுங்கள், வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் காற்றில் ரீங்காரம் போடாது. பத்து கி.மீ. போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், ஸ்பாஞ்ச் அமுங்கித் தளர்ந்திருக்கும். கூரை உள்வாங்கினால் பயப்பட வேண்டாம், உள்ளிருந்து கையால் தள்ளினேன், வந்துவிட்டது.

முன்சீட்டுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். போன வாரம் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவருடைய மார்பளவு கேட்டார். இரண்டு வருடம் ஆகிவிட்டதே, எனக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். வரட்டும், நானே அளந்துகொள்கிறேன்.