மைலோ குவளையில் கொடுத்த ஞானஸ்நானம்

நான் பிறந்து நாற்பதாம் நாளே ஞானஸ்நானம் பெற்றவன். என் மனைவி பத்தொன்பதாம் வயதில் தானே கேட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். எங்கள் கல்யாணத்தில் இரண்டு சபையாரும் ஒரே பந்தியில் பிரியாணி சாப்பிட்டார்கள். சண்டை மகள் பிறந்த பிறகுதான் வந்தது.

"ஒண்ணுந் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானமா? வளரட்டும்லா. அவளே இயேசுவ ஏத்துக்கட்டும், அவளே தண்ணியில இறங்கட்டும்," என்றாள் மனைவி.

மூன்றாம் மாதமே சிராங்கூன் சாலை நகைக்கடைக்குத் தூக்கிப்போய்ப் பிள்ளைக்குக் காது குத்தியவளும் இவள்தான்.

"அதுக்கு அவளக் கேட்டியா?"

"அது காது. இது ஆத்துமா."

எனக்குப் படிப்பு குறைவு. ஆத்துமா என்பதால்தானே, ஞானஸ்நானம் இல்லாமலே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என எனக்குப் பயம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் தடுப்பூசி போட்ட மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். காய்ச்சல் வரும் என்று தாதி முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மனைவி மருந்து வாங்கப் புளோக்குக்குக் கீழே இருந்த கடைக்குப் போனாள். பிள்ளை என் தோளில் அனலாய்க் கிடந்தாள். ஆபத்து வேளையில் போதகர் இல்லாவிட்டால் விசுவாசி எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை முறை. முப்பத்தெட்டு டிகிரி ஆபத்தா என்று நான் யோசிக்கவில்லை. மைலோ பானம் கலக்கும் குவளையில் குழாய்த் தண்ணீர் பிடித்து, பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே மூன்று முறை தலையில் ஊற்றினேன். பிள்ளை வீறிட்டாள்.

திரும்பி வந்த மனைவி, "ஏங்க தல நனைஞ்சிருக்கு?" என்றாள்.

"சூடு தணியட்டும்னு."

மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. அவள் மருந்தை மெச்சினாள். நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பயம் போனதும் வாதாடுவதையும் விட்டேன். அதுவே வினையானது. நான் மனம் நொந்துபோய் அடங்கிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் உபவாசித்து ஜெபித்தாள். பிறகு ஒரு ஞாயிறு காலை, "என்னங்க, உங்க சபையிலயே கொடுத்துருவோம். உங்க மனச நோகடிச்சு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்றே தேக்கா கடைத்தெருவில் வெள்ளைக் கவுனும் எடுத்துவிட்டாள்.

ஞானஸ்நானம் ஒருமுறைதான், இரண்டாவது கொடுப்பது பாவம் என்பதும் எங்கள் சபை போதனை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

போதகர் எங்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்பினார். "பிள்ளைக்கு இதுக்கு முன்னால ஞானஸ்நானம் ஆகலியே?" எல்லாரிடமும் கேட்பதுதான். பேனா அதற்குள் 'இல்லை' பக்கம் போய்விட்டது.

"ஆயிருச்சுங்கய்யா," என்றேன்.

"எங்க? யாரு கொடுத்தா?"

"வீட்ல. நான்தான்."

என்ன வார்த்தை சொன்னேன், தண்ணீரைத் தலையில் ஊற்றினேனா தெளித்தேனா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அவர் பேனாவை மூடினார். "செஞ்சது தப்பு. ஆனா சரியாச் செஞ்சிருக்கீங்க. இனிமே நான் கொடுக்க முடியாது."

"எங்க சபையக் கேட்டா, இவரு பிள்ளைக்குத் தலையக் கழுவியிருக்காரு, அவ்வளவுதான் பாஸ்டர்," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் பட்டினி கெடந்து ஜெபிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

போதகர் படிவத்தை மடித்து வைத்தார்.

ஈசூனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி வழியில் சொன்னாள். "பெரியவளானதும் இத நீங்களே அவகிட்ட சொல்லணும். எனக்குத் தெரியாமச் செஞ்சதையும் சேத்து. அப்புறம் அவ முழுக்கு எடுக்கணும்னு வந்தா, தடுக்கக் கூடாது."

எங்கள் போதனைப்படி அது பாவம். "சரி" என்றேன்.

சொன்ன கையோடு, கர்த்தரே, மகள் அதைக் கேட்காமலே இருக்கட்டும் என்று ஜெபிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் மனைவியின் உதடுகளும் அசைந்தன. என்ன ஜெபம் என்று நான் கேட்கவில்லை.