மீட்டர் பலகையில் இருந்த பல்ப்

நாற்பதைத் தாண்டியும், குண்டுமணி அளவுள்ள ஒரு பல்பை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அப்பாவின் பழைய காடியில், அதாவது காரில், ஸ்டியரிங்குக்கு முன்னிருக்கும் மீட்டர் பலகையில் ஒரு மாதமாக, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. அது எரிந்தால், அல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பவில்லை என்று அர்த்தம். குருண் என்ற ஊரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்துவந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைச் சரிசெய்கிறேன் என்றார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோலா கெடாவில் அவருக்குப் பெண் பார்க்கப் போகிறோம். அந்த அக்காவை ஒரு கோயில் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்துவிட்டு, அம்மாவைத் தூது விட்டு அவரே ஏற்பாடு செய்துகொண்ட பயணம் அது.

சனிக்கிழமை பகல் முழுக்க மாமா அல்டர்னேட்டரைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, சூட்டில் வெந்துபோன ஒயர்களைப் பிடுங்கிப் புதிது இழுத்தார். சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் ஓடியதும் அணைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். மாமா சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார். மீட்டர் பலகை மட்டும் திருகாமல் தொங்கியது.

எனக்கோ திங்கட்கிழமை பள்ளியில் அட்டை வீடு காட்டியாக வேண்டும். வீட்டுக்கு விளக்கு இல்லை. பலகையின் பின்னால் கையை விட்டு, அந்தச் சிவப்பு விளக்கின் பல்பை உருவிக்கொண்டேன். எல்லாரையும் எரிச்சலாக்கிய விளக்குதானே, போனால் யாருக்கு நஷ்டம் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மாமா பலகையை அவசரமாகத் திருகி மூடினார். அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியைத் திருகியபோது சிவப்பு விளக்கு எரியவே இல்லை. ஒரு மாதமாக அதைப் பார்த்து நொந்திருந்த அப்பா, சனியன் விட்டது என்று மகிழ்ந்தார். புதுச் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த மாமாவும் கவனிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியில் நல்ல மழை. வைப்பரும் லைட்டும் போட்டதில் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெண் வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் தூரத்தில் காடி நின்றது. மாப்பிள்ளையே சேற்றில் இறங்கித் தள்ளினார். உபசரிப்பில் குறை இல்லை. ஆனால் முதல் வருகையிலேயே வண்டி நின்றது நல்ல சகுனமில்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்.

"உன் கையில காடிய குடுத்தேன் பாரு, என் புத்திய சொல்லணும் லா" என்றார் அப்பா. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நானும் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மாமா மீட்டர் பலகையை மறுபடி கழற்றினார். பிறகு உள்ளே வந்து, பள்ளியிலிருந்து திரும்பியிருந்த என் அட்டை வீட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"லைட் நல்லா எரியுதா பாப்பா?"

"மங்கலாத்தான் மாமா."

என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார். அப்பாவிடம், "நான்தான் ஒயர சரியா முறுக்கல மச்சான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதன்பின் அப்பா அவரைக் காடியைத் தொட விட்டதில்லை.

தப்பித்தோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பல்பு வழியாகப் போகும் துளி மின்சாரம்தான் அல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது என்பதை, போன மாதம் என் பழைய காடியைப் பழுது பார்த்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார், லைட் நல்லா எரியுதா என்று.